பவளத் துண்டுக்கு என்ன பெயர் எழுதுவது? ரீஃப் தொட்டிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரீஃப் தொட்டி, அதாவது உயிருள்ள பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் விற்கும், மாற்றிக்கொள்ளும் பவளத் துண்டைத்தான் ஃப்ராக் என்கிறார்கள். தாய்ப் பவளத்திலிருந்து ஒடித்தோ அறுத்தோ எடுத்து, ப்ளக் எனப்படும் சின்ன பீங்கான் அடிக்கட்டையில் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். விரல் நுனி அளவுதான் இருக்கும். கூட வரும் சீட்டில் மட்டும் 'ஹோம்ரெக்கர்', 'ஹோலி கிரெய்ல்', 'வால்ட் டிஸ்னி' என்று பெரிய பெரிய பெயர்கள். சில சமயம் சீட்டே இருக்காது. வாங்கி வந்து தொட்டியில் வைத்து ஒரு மாதம் கழிந்ததும், எது எந்தப் பெயர் என்பது நமக்கே மறந்துபோகும்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு ஃப்ராக்குக்கு மூன்று விதமான பெயர் உண்டு, மூன்றும் ஒரே தரத்தில் நம்பத்தக்கவை அல்ல. டார்ச், ஹாமர், ஸோவா போன்றவை புழக்கப் பெயர்கள். இவற்றைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். யூஃபைலியா கிளாப்ரெசென்ஸ் போன்றவை அறிவியல் பெயர்கள். இதில் முதல் பாதியான பேரினத்தைப் பெரும்பாலும் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். இரண்டாம் பாதியான இனம் பல சமயம் முடியாது. மூன்றாவது ஹோலி கிரெய்ல் மாதிரி வியாபாரப் பெயர். இதைப் பார்த்துச் சொல்லவே முடியாது. எந்தத் தாயிலிருந்து வந்தது என்று தெரிந்தால் மட்டுமே அந்தப் பெயருக்கு அர்த்தம் உண்டு. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த மூன்றையும் கலக்காமல் வைத்திருப்பதற்குத்தான்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மன்னார் வளைகுடாக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த துண்டையும் பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது. சட்டப்படி ஃப்ராக் வாங்க முடிகிற ஊர்களில் தொட்டி வைத்திருப்பவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

படி 1: கையுறையும் கண்ணாடியும்

பெயர் தெரியாத ஃப்ராக் எதுவானாலும் அது விஷமுள்ளது என்று நினைத்தே தொடுங்கள். ஸோவா கூட்டத்தைச் சேர்ந்த பாலிதோவாவில் பாலிடாக்சின் என்ற கடுமையான நச்சு இருக்கிறது. ஹவாயில் கிடைத்த பாலிதோவா டாக்சிகாவிலிருந்து 1971இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். எல்லா ஸோவாவிலும் அது ஒரே அளவில் இருப்பதில்லை, ஆனால் எதில் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. கையில் கீறல் இருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வெட்டும்போது சாறு தெறிக்கும், அதனால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஸோவா ஒட்டிய பாறையை வெந்நீரில் போடுவது, பிரஷ்ஷால் அழுத்தித் தேய்ப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். ஆவியிலும் திவலையிலும் நச்சு கலந்து, வீட்டில் இருந்த எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் உண்டு.

படி 2: திறக்கும் வரை காத்திருந்து படம் எடுங்கள்

புதிதாக வந்த ஃப்ராக் சுருங்கிப்போய்க் கிடக்கும். அந்த நிலையில் பெயர் தேடுவது வீண் வேலை. சில நாள் விடுங்கள், பாலிப்கள், அதாவது பவளத்தில் வாயோடு இருக்கும் சின்னச் சின்ன உயிர்கள், வெளியே வரட்டும்.

அப்புறம் நான்கு படம் எடுங்கள். பம்பை நிறுத்திவிட்டு, பாலிப் விரிந்திருக்கும்போது மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இரவில் சுருங்கிய பிறகு ஒன்று; கல் பவளத்தின் கூடு அப்போதுதான் தெளிவாகத் தெரியும். நான்காவது, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் வைத்து. கூட்டில் ஒவ்வொரு பாலிப்பும் உட்கார்ந்திருக்கும் குழியின் விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்ல முடிந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

விளக்கு விஷயத்தில் கறாராக இருங்கள். அடையாளம் காண்பதற்கான படங்களை வெள்ளை வெளிச்சத்தில்தான் எடுக்க வேண்டும். பவளத்தின் ஒளிரும் புரதங்கள் 450 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியை வாங்கிப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பாகத் திருப்பித் தருகின்றன. நீல விளக்கும் கேமராவுக்கு முன்னால் ஆரஞ்சு ஃபில்டரும் இருந்தால் சாதாரணப் பச்சைப் பவளம்கூடத் தீபாவளி மத்தாப்பாகத் தெரியும். விற்பவர்களின் படங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். அழகுக்கு அப்படி ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடையாளத்துக்கு அதை நம்பாதீர்கள்.

நிறத்தையே மொத்தமாகக் கடைசியில் வையுங்கள். ஒரே பவளத்தை இரண்டாக வெட்டி இரண்டு தொட்டியில் வைத்தால் சில மாதங்களில் இரண்டு நிறமாக நிற்கும். வெளிச்சம் குறைந்தாலோ நைட்ரேட், பாஸ்பேட் கூடினாலோ திசுவுக்குள் வாழும் பாசி பெருகி எல்லாம் பழுப்பாகிவிடும்.

படி 3: கூடு இருக்கிறதா, விரல் எத்தனை?

பாலிப்பின் வாயைச் சுற்றி நீட்டிக்கொண்டிருப்பவற்றை இனி விரல் என்றே சொல்கிறேன். அவற்றை எண்ணுவதுதான் இந்த வேலையிலேயே மலிவான, நம்பகமான சோதனை.

எட்டே எட்டு விரல் என்றால் அது மென்பவளக் கூட்டம். பலவற்றில் விரலின் இரு ஓரமும் இறகு போலப் பிரிந்திருக்கும். ஸீனியாவில் இதை நன்றாகப் பார்க்கலாம். சிலவற்றில் இறகு கண்ணுக்குத் தெரியாது, எண்ணிக்கையை நம்புங்கள். ஊதா நிறப் பாய் மாதிரிப் படர்ந்து, மேலே பச்சைப் பாலிப்கள் எழுந்து நின்றால் அது ப்ரையேரியம். புழக்கத்தில் கிரீன் ஸ்டார் பாலிப். வழவழப்பான காம்பும் மேலே குடை போன்ற தொப்பியும் இருந்து, தொப்பியில் நீண்ட பாலிப்களுக்கு நடுவே புள்ளி புள்ளியாகக் குட்டிப் பாலிப்களும் தெரிந்தால் சார்கோஃபைட்டன், அதாவது டோட்ஸ்டூல் லெதர். கிளைகிளையாக வளர்ந்து, எல்லாப் பாலிப்பும் ஒரே ரகமாக இருந்தால் சைனுலேரியா என்று எடுத்துக்கொள்ளலாம்.

எட்டுக்கு மேல் என்றால், அடியில் கெட்டியான சுண்ணாம்புக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இடுக்கியின் நுனியால் ஓரத்தில் லேசாகத் தட்டினால் தெரிந்துவிடும். கூடு இருந்தால் கல் பவளம். இல்லையென்றால் ஸோவா, காளான் போலத் தட்டையாக விரியும் மஷ்ரூம், அல்லது ஒட்டிக்கொண்டு வந்த ஒரு அனிமோன் (கடல் சாமந்தி). ப்ளக்கின் ஓரத்தில் கண்ணாடி போன்ற பழுப்பு உடலும் கூரான நீள விரல்களுமாக, தொட்டவுடன் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒன்று இருந்தால் அது ஐப்டேசியா. அதற்குப் பெயர் தேட வேண்டாம், ஒழித்துக்கட்டுங்கள்.

படி 4: கூடு இல்லாதவை

மஷ்ரூம்களில் மூன்று பேரினம் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். மேற்பரப்பு ஏறக்குறைய வழவழப்பாக இருந்தால் டிஸ்கோசோமா. கிளைவிட்ட சின்னச் சின்ன மருக்களும் சொரசொரப்பும் இருந்தால் ரோடாக்டிஸ். விலை ஏறிக் கிடக்கும் 'பவுன்ஸ்' மஷ்ரூம்கள் இந்த வகை. மேலே முழுக்க உருண்டை உருண்டையாக மணிகள் இருந்தால் ரிக்கார்டியா. அதில் கரீபியக் கடலிலிருந்து வருவது ஃப்ளோரிடா, இந்திய-பசிபிக் பகுதியிலிருந்து வருவது யூமா. எங்கிருந்து இறக்குமதியானது என்று கடைக்காரரைக் கேட்டாலே இந்தக் கேள்வி முடிந்துவிடும்.

ஸோவாவில் எல்லோரும் அளவைப் பார்த்துப் பெரியது பாலி, சிறியது ஸோவா என்கிறார்கள். ஓரளவுக்குச் சரி, முழுக்கச் சரியில்லை. நல்ல அடையாளம் மணல். பாலிதோவா தன் திசுவுக்குள் மணலை இழுத்து வைத்துக்கொள்ளும், தண்டு சொரசொரப்பாக இருக்கும். ஸோவாந்தஸில் மணல் இருக்காது. லென்ஸ் வைத்துத் தண்டைப் பாருங்கள். முதல் படியில் சொன்ன காரணத்தால் இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் தெரியாமல் விடக் கூடாது.

படி 5: சதைப் பிடிப்பான கல் பவளங்கள்

பெரிய பாலிப் உள்ள கல் பவளங்களை எல்பிஎஸ் என்பார்கள். புதியவர்கள் அதிகம் வாங்குவதும் அதிகம் குழம்புவதும் இங்கேதான்.

டார்ச், ஹாமர், ஃப்ராக்ஸ்பான் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் கூட்டை வைத்து இவற்றைப் பிரிப்பது நிபுணர்களுக்கே சிரமம். உயிரோடு இருக்கும்போது விரல் நுனியைப் பார்த்தால் வேலை முடிந்தது. விரல் நீளமாக, கிளையில்லாமல், நுனியில் ஒரே ஒரு குமிழோடு இருந்தால் டார்ச். நுனி குறுக்கே அகன்று நங்கூரம் போலவோ டி எழுத்துப் போலவோ வளைந்திருந்தால் ஹாமர். ஒரே விரலிலிருந்து பக்கவாட்டில் பல குட்டி நுனிகள் கிளைத்திருந்தால் ஃப்ராக்ஸ்பான். அடுத்து அடிப்பகுதியைப் பாருங்கள். தனித்தனிக் குழாயாகப் பிரிந்து வளர்கிறதா, நீண்ட சுவராகத் தொடர்கிறதா? கிளைவிடும் ஹாமருக்கு இனப் பெயர் பாராஆன்கோரா, சுவராக வளர்வதற்கு ஆன்கோரா. ஃப்ராக்ஸ்பானில் அதே முறையில் பாராடிவைசா, டிவைசா. ஒற்றைத் தலை ஃப்ராக்கில் அடிப்பகுதி சரியாகத் தெரியாமல் போகலாம். அப்போது தாய் எப்படி வளர்ந்திருந்தது என்று கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

இந்த மூன்றும் முன்பு யூஃபைலியா என்ற ஒரே பேரினத்தில் இருந்தன. 2017இல் மரபணுவையும் உடலமைப்பையும் பார்த்து ஹாமரையும் ஃப்ராக்ஸ்பானையும் ஃபிம்பிரியாஃபைலியா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். டார்ச் பழைய வீட்டிலேயே இருக்கிறது. கடைகளில் இன்னமும் மூன்றையும் 'யூஃபைலியா' என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும், உங்கள் குறிப்பில் புதிய பெயரை எழுதி அடைப்பில் பழையதையும் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இது வெறும் பெயர் ஆசையும் இல்லை: 2014இல் அங்கே அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களுக்கான சட்டத்தின் கீழ் 20 பவள இனங்களைச் சேர்த்தார்கள், அதில் கிளைவிடும் ஃப்ராக்ஸ்பானான பாராடிவைசாவும் ஒன்று.

கோனியோபோராவும் அல்வியோபோராவும் பார்க்க அக்கா தங்கை மாதிரி இருக்கும். எண்ணுங்கள். கோனியோபோராவுக்கு 24 விரல், அல்வியோபோராவுக்கு 12. இவ்வளவு சுத்தமான சோதனை பவள உலகில் அபூர்வம், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

குழி குழியாக உருண்டு வளரும் 'ஃபேவியா' வகைகளில், பக்கத்துப் பக்கத்துக் குழிகளுக்கு நடுவே ஒரே பொதுச் சுவர் இருந்தால் ஃபேவைட்ஸ். ஒவ்வொரு குழிக்கும் தனிச் சுவர் இருந்து, நடுவே பள்ளம் ஓடினால் டிப்ஸாஸ்ட்ரேயா. இந்திய-பசிபிக் பவளங்களை ஃபேவியா என்று அழைப்பது 2012இலேயே முடிந்துபோனது. அந்தப் பெயர் அட்லாண்டிக் பவளங்களுக்கு மட்டும் நிலைத்திருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: ஃப்ராக்கின் வெட்டுப்பட்ட ஓரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நடுப்பகுதியைப் பாருங்கள்.

'ஏகன் லார்ட்' என்று விற்பது முன்பு அகாந்தாஸ்ட்ரேயா, 2016 முதல் மைக்ரோமுஸ்ஸா லார்டுஹோவென்சிஸ். புழக்கப் பெயர் ஒட்டிக்கொண்டது, இனி மாறப்போவதில்லை. அதோடு குழம்பும் பிளாஸ்டோமுஸ்ஸாவில் ஸ்கேல் உதவும்: குழியின் விட்டம் 7 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மெர்லெட்டி, 9 முதல் 14 வரை இருந்தால் வெல்சி. சதை உப்பியிருக்கும்போது அளக்காதீர்கள், கூட்டை அளக்க வேண்டும்.

'சாலிஸ்' என்று சீட்டில் இருந்தால் அது எந்தப் பேரினமும் இல்லை. எக்கினோஃபைலியா, ஆக்சிபோரா, மைசீடியம் என்று தகடாகப் படரும் பலவற்றுக்கும் வியாபாரத்தில் அந்த ஒரே பெயர்தான். ஃப்ராக் நன்றாக வளரும் வரை 'சாலிஸ் வகை' என்றே எழுதி வைப்பது நேர்மை.

படி 6: குச்சியும் தகடும்

சிறிய பாலிப் உள்ளவை எஸ்பிஎஸ். இங்கே நீங்கள் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளப் பழக வேண்டும்.

கிளையின் உச்சியில், நட்ட நடுவே, தனியாக ஒரு குழி இருக்கிறதா? அதைச் சுற்றிப் பக்கவாட்டில் மற்ற குழிகள் வரிசை கட்டுகின்றனவா? அப்படியானால் அக்ரோபோரா. உச்சிக் குழி இல்லாமல், மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகளும் நடுநடுவே சின்ன மேடுகளும் மட்டும் இருந்தால் மான்டிபோரா. மான்டிபோரா என்றாலே தகடு என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மான்டிபோரா டிஜிடாட்டா நன்றாகவே கிளைவிடும், அதை அக்ரோபோரா என்று வாங்கி வருபவர்கள் நிறைய. உச்சியைப் பார்த்தால் ஏமாற மாட்டீர்கள்.

கிளை மெலிந்து கூராகி, குழிகள் நீளவாக்கில் வரிசையாக இருந்தால் சீரியாடோபோரா, அதாவது பேர்ட்ஸ்நெஸ்ட். கிளை நுனி மழுங்கி, குழிகளின் மேல் சின்னக் கூரை போல ஒரு விளிம்பு நீட்டியிருந்தால் ஸ்டைலோபோரா. கிளை முழுக்க மருக்கள் எழும்பி, அந்த மருக்களின் மேலேயே குழிகள் இருந்தால் பொசில்லோபோரா.

அக்ரோபோராவில் இனப் பெயர் வரை போக வேண்டுமென்றால் கூட்டம் எப்படி வளர்கிறது, பக்கக் குழிகளின் வடிவம் என்ன, கூட்டின் நுண்ணமைப்பு என்ன என்றெல்லாம் தெரிய வேண்டும். 2 சென்டிமீட்டர் குச்சியில் வளர்ச்சி வடிவம் என்று ஒன்றே இருக்காது. ஆராய்ச்சியாளர்களே தடுமாறும் இடம் இது. தொட்டிக்காரர்கள் 'டெனுயிஸ்' என்று கொண்டாடும் பெயரையே பாருங்கள்: அந்த இனம் முதலில் விவரிக்கப்பட்டது ஃபிஜியில். கிரேட் பாரியர் ரீஃபில் பல காலம் அதே பெயரில் அழைக்கப்பட்டது வேறு இனம், அக்ரோபோரா கென்டி என்று 2023இல் வந்த ஆய்வு சொன்னது. அதனால் உங்கள் சீட்டில் 'அக்ரோபோரா எஸ்பி.' என்று எழுதினால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். எஸ்பி. என்றால் பேரினம் தெரியும், இனம் தெரியாது என்று பொருள். ஏதோ ஓர் இனத்தைப் போல இருக்கிறது, உறுதியில்லை என்றால் நடுவில் 'சிஎஃப்.' போடுங்கள். ஆய்வாளர்கள் எழுதுவதும் இப்படித்தான்.

இனத்தை அறிந்தே தீர வேண்டும் என்றால், செத்துப்போன கிளை ஒன்றைத் தொட்டிக்குத் தள்ளி பிளீச்சில் ஊற வைத்து, வெறும் கூட்டை லென்ஸில் பார்க்கலாம். பிளீச்சோடு வினிகரோ வேறு அமிலமோ சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

படி 7: வியாபாரப் பெயர்

ஃப்ராக் என்பது தாயின் உடலிலிருந்து பிரித்த அதே உயிர். ஒட்டுமாங்கன்று மாதிரி. பங்கனப்பள்ளி ஒட்டுக்கன்று பங்கனப்பள்ளிதான். கொட்டை போட்டு முளைத்த மரத்தின் பழம் எவ்வளவு ஒத்திருந்தாலும் அது பங்கனப்பள்ளி ஆகாது. ஹோம்ரெக்கர் என்ற பெயரும் அப்படி ஒரு தாய்ப் பவளத்துக்கும் அதிலிருந்து வெட்டிய துண்டுகளுக்கும் மட்டுமே சேர வேண்டியது. கடலிலிருந்து புதிதாக வந்த, அதே நிறக் கலவையுள்ள இன்னொரு அக்ரோபோராவுக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது. சந்தையில் தினமும் வைக்கிறார்கள் என்பது வேறு கதை. விலை பல மடங்கு ஏறுகிறதே!

வாங்கும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இது யாரிடமிருந்து உங்களுக்கு வந்தது?" பதிலாக ஒரு வழி வந்தால், அதாவது இன்ன கடை, இன்ன வருடம், அவர்களுக்கு இன்னாரிடமிருந்து என்று வந்தால், பெயரை எழுதிக்கொள்ளுங்கள். "பார்த்தாலே தெரியுதே அண்ணே" என்று வந்தால் பெயரை விட்டுவிட்டு, பவளம் பிடித்திருந்தால் பவளத்துக்கு உரிய விலையை மட்டும் கொடுங்கள். பெயருக்கு முன்னால் 'ஓஜி' என்று போடுவது முதல் தாயின் நேர் வழி என்று சொல்லத்தான். அந்த இரண்டு எழுத்துக்கும் சான்று கேட்கலாம், தவறில்லை.

எல்லா வியாபாரப் பெயரும் இப்படிக் கறாரானவை அல்ல. 'ஈகிள் ஐ' ஸோவா, 'சன்செட் மான்டிபோரா' போன்றவை நாட்பட்டு ஏறக்குறைய நிறத்தின் பெயராகவே ஆகிவிட்டன. அவற்றில் வழி கேட்டுப் பெரிய பயன் இல்லை. நீங்களாகப் புதுப் பெயர் வைக்க ஆசைப்பட்டால் வையுங்கள், ஆனால் குறைந்தது அரை வருடம் உங்கள் தொட்டியில் அந்த நிறம் நிலைத்த பிறகு.

படி 8: எழுதி வைக்கும் முறை

ப்ளக்கின் அடியில் எண் எழுதினால் சில மாதங்களில் சுண்ணாம்புப் பாசி மூடிவிடும். ஃப்ராக் ரேக்கின் கட்டங்களை ஒரு தாளில் வரைந்து, எந்தக் கட்டத்தில் எந்த எண் என்று குறித்து வைப்பது எளிது. ஃப்ராக்கை இடம் மாற்றும்போது தாளையும் மாற்றுங்கள். நத்தையும் நண்டும் உங்களைக் கேட்காமல் மாற்றி வைக்கும், அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு படம் இருப்பது நல்லது.

ஒவ்வொரு ஃப்ராக்குக்கும் எழுத வேண்டியது இப்படி:

எண் 14. கிளைவிடும் ஹாமர். ஃபிம்பிரியாஃபைலியா சிஎஃப். பாராஆன்கோரா (பழைய பெயர் யூஃபைலியா). அடையாளம்: விரல் நுனி நங்கூர வடிவம், தாய் கிளைவிட்டு வளர்ந்தது என்று கொடுத்தவர் சொன்னார். வெள்ளை வெளிச்சத்தில் பச்சை, நுனி ஊதா. வியாபாரப் பெயர்: இல்லை. வந்த தேதி, கொடுத்தவர், விலை.

'அடையாளம்' என்ற வரியைத் தாண்டிப் போகாதீர்கள். பெயரை எதை வைத்து முடிவு செய்தோம் என்று எழுதியிருந்தால், பின்னால் பெயர் தவறு என்று தெரியும்போது திருத்துவது சுலபம். அறிவியல் பெயர் இன்றைக்கும் செல்லுபடியாகிறதா என்று பார்க்க, உலகக் கடல்வாழ் உயிரினப் பதிவேடான வோர்ம்ஸ் தளத்தில் பழைய பெயரைத் தட்டினால் ஏற்கப்பட்ட புதிய பெயர் வந்துவிடும். இலவசம்.

வேறு நாட்டிலிருந்து வாங்குபவர்கள் இன்னொன்றையும் கோப்பில் சேர்க்க வேண்டும். கல் பவளங்கள் அனைத்தும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை, எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு தேவை. அந்தச் சீட்டிலேயே பல பவளங்களுக்குப் பேரினப் பெயர் மட்டும் போதும் என்று விட்டிருக்கிறார்கள். மஷ்ரூமும் ஸோவாவும் அந்தப் பட்டியலில் இல்லை, என்றாலும் உங்கள் நாட்டின் விதியைத் தனியாகப் பாருங்கள்.

அனுபவசாலிகளிடம் பெயர் கேட்கப் போகும்போது, இரண்டாம் படியில் எடுத்த நான்கு படங்களோடு நீங்கள் கண்டுபிடித்தவரைக்கும் சொல்லிக் கேளுங்கள். "இது என்ன?" என்று நீலப் படம் ஒன்றை நீட்டினால் ஆளுக்கொரு பெயர் வரும். "24 விரல், அதனால் கோனியோபோரா என்று நினைக்கிறேன், இனம் சொல்ல முடியுமா?" என்று கேட்டால் தெரிந்தவர் மட்டும் பதில் சொல்வார். நாளைக்கு நீங்களே வெட்டிக் கொடுக்கும்போது, வந்த வழியையும் சேர்த்து அந்தச் சீட்டின் நகலைப் பையிலேயே போட்டுக் கொடுங்கள். வழி தெரியாதென்றால் 'வழி தெரியாது' என்றே எழுதிக் கொடுங்கள்.